எந்தக் கரை?

"நீங்க சிவில் ஆளாச்சே, அணை, பாலம்னு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். அணையும் பாலமும் எழுத நம் சங்கத்தில் என்னைவிடப் பழுத்த சீனியர் அண்ணன்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனவே நான் ஒரு சர்வேயரின் கதையை எடுத்துக்கொள்கிறேன். இவர் எந்த அணையும் கட்டவில்லை, பாலமும் போடவில்லை. ஓடத்தில் உட்கார்ந்து ஒரு காட்டாற்றை ஏறக்குறைய இரண்டு வருஷம் அளந்தார். அவர் அளந்ததில் பெரும்பகுதி நடுக்கடலில் எரிந்து போனது. மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் விஞ்ஞானிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1858-ல் டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்டவர் என்று பிளஸ் டூ உயிரியலில் ஒரு வரி படித்திருப்பீர்கள். அதற்குப் பத்து வருஷம் முந்தைய வாலஸ்தான் நமக்கு வேண்டியவர்.

பதினான்கு வயதில் படிப்பை விட்டவர்

1823-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். வீட்டில் பணக் கஷ்டம். பதினான்கு வயதுக்குள் பள்ளிப் படிப்பு முடிந்தது. அண்ணன் வில்லியம் நில அளவைக்காரர். தம்பி அவரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். சங்கிலி பிடிப்பது, கொடி நடுவது, காம்பஸில் கோணம் படிப்பது, ராத்திரி விளக்கடியில் வரைபடம் போடுவது என்று பல வருஷம் ஓடியது. நாம் பத்து நாள் சர்வே கேம்ப் போய்விட்டு வந்து பத்து வருஷம் பெருமை பேசுகிறோம். இந்த மனிதருக்கு வாலிபப் பருவமே சர்வே கேம்ப்.

வயல் வயலாக நடந்தபோது செடி கொடி மீதும், பிறகு வண்டுகள் மீதும் ஆசை வந்தது. லெஸ்டர் நகரில் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இன்னொரு வண்டுப் பைத்தியத்தின் நட்பு கிடைத்தது. இருவரும் 1848 ஏப்ரலில் கப்பல் ஏறினார்கள். மே மாதக் கடைசியில், அமேசான் முகத்துவாரப் பகுதியில் இருக்கும் பாரா துறைமுகத்தில், அதாவது இன்றைய பெலெம் நகரில், இறங்கினார்கள். வாலஸுக்கு வயது 25. சர்க்கார் உதவி கிடையாது, பல்கலைக்கழக மானியமும் கிடையாது. பூச்சி, பறவை பிடித்துப் பதப்படுத்தி லண்டனில் இருந்த சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டியது. அவர் விற்றுப் பணம் அனுப்பினால் சாப்பாடு.

1850-ல் நண்பர்கள் பிரிந்தார்கள். பேட்ஸ் அமேசானின் மேல்பகுதிக்குப் போனார். வாலஸ் அதில் வந்து கலக்கும் ரியோ நெக்ரோ என்ற ஆற்றைத் தேர்ந்தெடுத்தார். போர்த்துக்கீசிய மொழியில் "கரிய ஆறு" என்று அர்த்தம். 1850 ஆகஸ்ட் 31-ம் தேதி, இன்றைக்கு மனாஸ் என்று பெயர் பெற்றிருக்கும் ஊரிலிருந்து ஓடம் புறப்பட்டது.

ஓடம் என்ன செய்தது?

அந்தக் காட்டில் ரோடு கிடையாது. ஆறுதான் ரோடு, ஓடம்தான் வண்டி. அதில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஓப்பன் சேனல் ஃப்ளோ படித்தவர்களுக்கு உடனே புரியும். ஆற்றின் நடுவில் நீரோட்டம் வேகம். கரையோரம் உராய்வினால் வேகம் குறைவு. துடுப்புப் போட்டு எதிர்நீச்சலில் மேலே போகிற ஓடம் நடு ஆற்றில் போகவே முடியாது. கரையை ஒட்டி, கிளைகள் தலையில் இடிக்க, அங்குலம் அங்குலமாகத்தான் ஏற வேண்டும். மதியம் சமையலுக்குக் கரை இறங்க வேண்டும். ராத்திரி தூக்கத்துக்கும் கரைதான்.

அதாவது, ஓடத்தில் போகிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கரையைப் பார்த்துக்கொண்டே போகிறான். தங்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் எந்தக் கரையில் என்பது தானாகவே நோட்டில் ஏறிவிடும். நீராவிக் கப்பலில் நடு ஆற்றில் போகிறவனுக்கு இந்த வசதி இல்லை.

வாலஸின் கருவிகள் எளியவை. ஒரு பிரிஸ்மாட்டிக் காம்பஸ், சின்ன செக்ஸ்டன்ட், கைக்கடிகாரம் காலத்துக்கு முந்தைய பாக்கெட் கடிகாரம். ஆறு திரும்பும் இடங்களில் காம்பஸில் பேரிங் எடுப்பார். தூரத்துக்குச் சங்கிலி போட வழியில்லை. ஓடத்தின் வேகத்தை மதிப்பிட்டு, எவ்வளவு நேரம் போனோம் என்பதால் பெருக்குவார். செக்ஸ்டன்டில் சூரியனின் உயரம் பார்த்து அட்சரேகை. நாம் காம்பஸ் டிராவர்ஸ் என்று போட்ட அதே கணக்குதான். என்ன, நம் டிராவர்ஸ் ஹாஸ்டலைச் சுற்றி வந்து மூடிக்கொள்ளும். அவருடையது வெனிசுவேலா எல்லை தாண்டிப் போயிற்று.

அவருக்கு ஐம்பது வருஷம் முன்பு, 1800-ல், ஹம்போல்ட்டும் போன்பிளானும் வெனிசுவேலா பக்கமிருந்து ஓடத்தில் வந்து, ஒரினோகோ ஆற்றையும் ரியோ நெக்ரோவையும் இணைக்கும் காசிகியாரே கால்வாயைப் பார்த்தவர்கள். இயற்கையே வெட்டிய கால்வாய் அது. ஒரு நதியின் தண்ணீர் பிரிந்து இன்னொரு நதிப் படுகைக்குப் போகிறது. அவர்கள் போர்த்துக்கீசிய எல்லைக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். எல்லைக்குக் கீழே இருந்த ஆற்றைத்தான் வாலஸ் ஏறிக்கொண்டிருந்தார். பிறகு வாப்பஸ் என்ற கிளையாற்றுக்கும் இரண்டு முறை போனார். அங்கே ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக் கொட்டும் இடங்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் சாமான்களை இறக்கி, ஓடத்தைக் கயிறு கட்டி இழுத்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

இழுத்தது யார்? வாப்பஸ் கரையில் வாழ்ந்த பழங்குடி மக்கள். வியாபாரிகளிடம் கடன்பட்டு உழைத்தவர்களும் அவர்களில் உண்டு. லீமா என்ற வியாபாரியின் பெயர் வாலஸின் புத்தகத்தில் இருக்கிறது. துடுப்புப் போட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அந்த வரைபடத்தில் வாலஸின் கண் இருக்கிறது, அவர்களுடைய தோளும் இருக்கிறது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மூன்று நிறத் தண்ணீர்

ரியோ நெக்ரோவின் தண்ணீர் கையில் அள்ளினால் இளம் டிக்காக்ஷன் நிறம். ஆழத்தில் பார்த்தால் வரக்காப்பி. அமேசானின் பிரதான நீரோ செம்பழுப்பு. மனாஸ் பக்கத்தில் இரண்டும் சந்திக்கும்போது உடனே கலப்பதில்லை. சுமார் 6 கிலோமீட்டருக்கு ஒரே படுகையில் பக்கம் பக்கமாக, கோடு கிழித்தாற்போல ஓடுகின்றன.

வாலஸ் அந்தப் பிரதேசத்து ஆறுகளை வெள்ளை நீர், நீல நீர், கருநீர் என்று மூன்றாகப் பிரித்து எழுதினார். கருநீர் ஆற்றில் கொசுத் தொல்லை மிகக் குறைவு என்பதையும் குறித்தார். ஹம்போல்ட்டும் அதையே கவனித்திருந்தார். ராத்திரி கரையில் படுத்தவர்களுக்கு இதற்கு வேறு ருசு வேண்டாம்!

சுமார் நூறு வருஷம் கழித்து, ஹரால்ட் சியோலி என்ற ஜெர்மானிய நீரியல் விஞ்ஞானி அமேசான் ஆறுகளைச் சோதித்து, அதே மூன்று வகையை இரசாயன ஆதாரத்தோடு நிலைநாட்டினார். வெள்ளை நீர் ஆண்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்து வருவது. தெளிநீர் பழைய பாறை நிலங்களிலிருந்து வருவது, வண்டல் குறைவு. கருநீர் மணற்பாங்கான காட்டு நிலங்களில் இலை தழை மக்கி ஊறிய சாறு. அமிலத் தன்மை அதிகம், உப்புச் சத்து மிகக் குறைவு, மழைத் தண்ணீர் மாதிரி. இவ்வளவு சத்தில்லாத தண்ணீரில் மீன் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு 1970, 80-களில் மைக்கேல் கோல்டிங் போன்றவர்கள் பதில் தேடினார்கள். வெள்ள காலத்தில் ஆறு காட்டுக்குள் புகுந்துவிடுகிறது. மீன்கள் மரங்களுக்கு நடுவே நீந்திப் பழத்தையும் விதையையும் பூச்சியையும் தின்கின்றன. தண்ணீர் ஏழை, காடு சோறு போடுகிறது. மரத்தை வெட்டினால் மீனும் போகும் என்பது இதிலிருந்து வரும் நேரடிக் கணக்கு.

வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். குரங்குகளைத் தேடிப் போன இடத்தில் வாலஸ் ஒன்றைக் கண்டார். சில இனங்கள் அமேசான், மடேரா, ரியோ நெக்ரோ ஆகிய ஆறுகளின் ஒரு கரையில் மட்டும் இருக்கின்றன. எதிர்க் கரையில் அவற்றின் இடத்தில் வேறு இனம். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. குறிப்பிட்ட குரங்கு வேண்டுமென்றால் அது இருக்கிற கரைக்கு ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆற்றின் மேல்பகுதியில், ஆறு குறுகியதும், இந்த எல்லை மறைந்து இரு கரையிலும் ஒரே இனம் தென்படுகிறது என்பதையும் வாலஸ் குறித்துக்கொண்டார். அகலம் குறைந்தால் வேலி தாழ்கிறது, அவ்வளவுதான்.

1852 டிசம்பரில் லண்டன் விலங்கியல் கழகத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார். அதில் ஒரு புலம்பலும் இருக்கிறது. மியூசியத்தில் இருக்கும் மாதிரிகளில் பாதிக்கு மேல் "பிரேசில்", "பெரு" என்று மொட்டையாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். "அமேசான் ஆறு" என்று போட்டிருந்தால் அதுவே பெரிய பாக்கியம். ஆனால் அமேசானின் வடகரையா, தென்கரையா? அதைச் சொல்லாவிட்டால் அந்த லேபிளுக்கு என்ன பிரயோஜனம் என்பது அவர் கேள்வி.

ஒரு சர்வேயரைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கோபம் அவ்வளவு சுலபமாக வராது. அளவு சரியாக இருந்து ஸ்டேஷன் எழுதாமல் விட்டால் அந்த ஃபீல்டு புக்கை என்ன செய்வது? அளவும் இல்லாத மாதிரிதான்.

ஆறுகள் உயிரினங்களுக்கு எல்லையாகின்றன என்ற கருத்தைப் பிறகு வந்தவர்கள் பறவை, தவளை, பட்டாம்பூச்சி என்று சோதித்துப் பார்த்தார்கள். சிலவற்றுக்குப் பொருந்துகிறது, பலவற்றுக்குப் பொருந்தவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க முடிந்ததே, அதுதான் முக்கியம். கரை எது என்று எழுதி வைத்ததனால்தான் அது முடிந்தது.

தகரப் பெட்டி

இந்தப் பயணத்துக்கு வாலஸ் கொடுத்த விலை கொஞ்சமல்ல. உதவிக்கு வந்திருந்த தம்பி ஹெர்பர்ட், ஊர் திரும்பக் காத்திருந்தபோது 1851 ஜூனில் பாராவில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அண்ணன் அப்போது ஆற்றின் மேல்கோடியில் இருந்தார். அந்த வருஷக் கடைசியில் வாலஸுக்கே காய்ச்சல் கண்டு, வாப்பஸ் ஆறு வந்து சேரும் இடத்தில் பிழைப்பாரா என்ற நிலையில் கிடந்தார். எழுந்து நடக்க முடிந்ததும் மறுபடி ஓடம் ஏறி வாப்பஸின் மேல்பகுதிக்குப் போனார். அதிசயமான ஆசாமி.

1852 ஜூலை 12-ம் தேதி, "ஹெலன்" என்ற பாய்மரக் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் 6-ம் தேதி காலை சரக்கறையில் புகை. கப்பலில் ரப்பரும், சுலபமாகப் பற்றிக்கொள்ளும் ஒருவகை மர எண்ணெயும் இருந்தன. அணைக்க முடியவில்லை. வாலஸ் புகை நிறைந்த அறைக்குள் போய், கண்ணில் பட்ட ஒரு சின்னத் தகரப் பெட்டியில் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டார். மீன் படங்கள், பனை மரப் படங்கள், கடிகாரம், கொஞ்சம் பணம். குறிப்புகளில் ஒரு பகுதியும் தப்பியது. அவருடைய சொந்தச் சேகரிப்பு முழுவதும், வருஷக்கணக்கான நாட்குறிப்பில் பெரும்பகுதியும், கூட்டி வந்த கிளிகளும் குரங்குகளும் போயின. ஒரே ஒரு கிளி தண்ணீரில் விழுந்து தப்பியது. பத்து நாள் திறந்த படகில் மிதந்தபின் வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. அக்டோபர் 1-ம் தேதி கரை சேர்ந்தார்.

ஏஜெண்ட் ஸ்டீவன்ஸ் முன்யோசனையாக இன்ஷூரன்ஸ் செய்து வைத்திருந்ததால் பிழைப்புக்கு வழி இருந்தது. ஆனால் மிஞ்சிய காகிதம் என்ன செய்தது என்று பாருங்கள். 1853-ல் பனை மரங்கள் பற்றி ஒரு புத்தகம். அதே வருஷம் பயண நூல். ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியில் ரியோ நெக்ரோ பற்றிய கட்டுரை, ஆற்றின் வரைபடத்தோடு. எரிந்து போன பறவைத் தோல்கள் திரும்ப வரவில்லை. ஆனால் எது எந்தக் கரையில் என்ற தகவல் காகிதத்திலும் மண்டையிலும் மிஞ்சியதால், அடுத்த சில மாதத்தில் குரங்குக் கட்டுரை வாசிக்க முடிந்தது.

மீன் படங்களின் கதை இன்னும் நீளம். மீன் செத்த கொஞ்ச நேரத்தில் நிறம் மங்கிவிடும் என்பதால் பிடித்த கையோடு பென்சிலால் வரைந்தவை. அரை நூற்றாண்டு அவரிடமே இருந்தன. 1904-ல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குக் கொடுத்தார். 2002-ல் பிரேசில் விஞ்ஞானி மோனிகா தெ தொலேதோ பீசா ரகாசோ அந்த 212 படங்களையும் இனம் பிரித்துப் புத்தகமாக வெளியிட்டார். வரைந்து 150 வருஷம் கழித்து! வாலஸ் தான் பார்த்தது 205 இனம், ஆற்றில் மொத்தம் ஐந்நூறாவது இருக்கும் என்று ஊகித்திருந்தார். இன்றைய கணக்கில் அந்த ஆற்றுப் படுகையில் ஆயிரத்துக்கும் அதிகமான மீன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. வண்ண மீன் கடைகளில் நீலமும் சிவப்புமாக மின்னும் கார்டினல் டெட்ரா அந்தக் கருநீர்ப் பிரஜைகளில் ஒன்றுதான்.

நம் ஆற்றுக்கு இது எதற்கு?

"அமேசான் கதை நமக்கெதற்கப்பா" என்று கேட்கும் சீனியர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் நீர் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். சில வருஷம் முன்பு ஓர் ஆற்றைப் பற்றிய தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை என் மேஜைக்கு வந்தது. பக்கம் பக்கமாக அட்டவணை. கரைந்த உப்பு, ஆக்ஸிஜன், எல்லாம் தசம ஸ்தானத்தோடு. மாதிரி எடுத்த இடம் என்ற கட்டத்தில் மட்டும், பாலத்தின் பெயர். அவ்வளவே. இடக்கரையா, வலக்கரையா, நடுவிலா, காலையா, மாலையா, எவ்வளவு ஆழத்தில்? ஒன்றுமில்லை.

அந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே இடக்கரையில் ஒரு சாக்கடை வந்து விழுகிறது. கொஞ்சம் கீழே அதே இடக்கரையில் ஒரு கிராமத்தின் குடிதண்ணீர்க் கிணறு. கரையோரம் விழும் கழிவு குறுக்கே பரவி ஆறு முழுக்கக் கலக்க வெகு தூரம் பிடிக்கும். மனாஸில் இரண்டு மகா நதிகளே 6 கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடுகின்றன என்றால் ஒரு சாக்கடை மட்டும் விழுந்த உடனே கலந்துவிடுமா? வலக்கரையில் ஒரு வாளி எடுத்தால் ஆறு சுத்தம். இடக்கரையில் எடுத்தால் வேறு கதை. அட்டவணையில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஜனங்களுக்கு அந்த தசம ஸ்தானத்தால் என்ன லாபம்?

ஜீப் எங்கே போகுமோ அங்கே மாதிரி எடுப்பது நம் பழக்கமாகிவிட்டது. ஜீப் பாலத்துக்குத்தான் போகும். இரண்டு பாலங்களுக்கு நடுவே இருக்கும் இருபது கிலோமீட்டரைப் பார்க்க ஓடமோ பரிசலோ வேண்டும், அல்லது கால்நடையாகப் போக வேண்டும். இன்றைக்கு செயற்கைக்கோள் படம் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது, கைப்பேசியிலேயே அட்சரேகை தீர்க்கரேகை வந்துவிடுகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தண்ணீரில் கை விட்டுப் பார்த்து, கரையில் இருக்கும் மீன்காரரிடம் "இந்தப் பக்கம் என்ன மீன் வருது, அந்தப் பக்கம் ஏன் வரலை" என்று கேட்கும் வேலையை அவை செய்யாது. வாலஸுக்குக் குரங்குச் சங்கதியைச் சொன்னதும் அப்படிப்பட்ட ஆட்கள்தான்.

மனாஸ் துறைமுகத்தில் ரியோ நெக்ரோவின் நீர்மட்டத்தை 1902-லிருந்து குறித்து வருகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும் ஆறு அது. 2021 ஜூனில் 30 மீட்டரைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சம் தொட்டது. 2023-லும் 2024-லும் அடுத்தடுத்து, பதிவு தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்கு, 13 மீட்டருக்கும் கீழே இறங்கியது. "இல்லாத அளவுக்கு" என்று தைரியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? யாரோ ஒருவர் நூற்றிருபது வருஷமாக ஒரே இடத்தில் அளவுகோலைப் பார்த்து எழுதி வந்ததால். நம் ஊர் வாய்க்காலைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் சொல்ல நம்மிடம் நோட்டு இருக்கிறதா?

சங்கத்துக்கு ஒரு யோசனை

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வெள்ளி விழா, கேடயம், சால்வை எல்லாம் நடக்கட்டும். அதோடு நம் கல்லூரிக்குப் பக்கத்து ஆற்றில் ஒரு அளவுகோல் நடுவோம். துறையில் ஒரு தடித்த நோட்டு வைப்போம். ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை போய் நீர்மட்டம், தண்ணீர் நிறம், கண்ணில் பட்ட மீன், பறவை ஆகியவற்றை எழுதட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பரிசலில் இறங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் போய் வரட்டும். செலவை நம் பேட்ச் ஏற்றுக்கொள்ளத் தயார். மற்ற பேட்ச் அண்ணன்மாரும் அக்காமாரும் கை கொடுத்தால் நோட்டு நிற்காமல் ஓடும்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரே விதி. நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடது கைப் பக்கம் இடக்கரை, வலது கைப் பக்கம் வலக்கரை. தேதி, நேரம், இடம், கரை. இந்த நான்கையும் எழுதிவிட்டு, அதற்கப்புறம் அளவை எழுதுங்கள்.